‘சேனை’ என்னுஞ் சொல்

கொழும்பு மாநகரில் தமிழர் செறிந்து வாழும் பகுதிகளுள் வடக்கே கொட்டாஞ்சேனையும் தெற்கே வெள்ளவத்தையும் முதன்மை வாய்ந்தன. இவ்விரு பெயர்களையும் நாள்தோறும் பன்முறை சொல்லுகின்றோம். கடிதங்களின் முகப்பில் எழுதுகின்றோம். பேருந்தின் பலகையிற் படிக்கின்றோம். ஆயினும் அவற்றின் பொருள் யாதென நின்று நோக்கினார் நம்முட் சிலரே. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்த புதிதில், கொட்டாஞ்சேனை என்பது முன்னொரு காலத்திற் படையொன்று பாளையமிறங்கிய இடமாதல் வேண்டும் என இக்கட்டுரையாளனும் எண்ணியிருந்ததுண்டு. சேனை என்றாற் படை என்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்ததன்றோ? அவ்வெண்ணம் பிழை என்பது பின்னரே தெரியவந்தது. அப்பிழையின் காரணத்தை ஆராயப் புகுந்தவிடத்து, ஈரெழுத்துச் சொல்லொன்று பல மொழிகளிற் பல பொருள் பூண்டு நிற்கும் வரலாறும், அதன் ஒரு பொருள் திரித்துரைக்கப்பட்டதனால் ஒரு மக்கட்கூட்டம் நிலமிழந்த வரலாறும் ஒருங்கே புலனாயின. அவற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு சொல் பல பொருள் தருதல் தமிழ் இலக்கண நூலார்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நால்வகைப்படுத்தினார். அவற்றுள் திரிசொல்லின் ஒரு கூறாகப் பல பொருள் குறிக்கும் ஒரு சொல்லையும் எண்ணினார். யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பள்ளிகளில் மாணவர் மனனஞ்செய்து வந்த சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதி முழுவதும் ஒருசொற் பல்பொருட் பெயர்களுக்கே உரியது. எனினும் நிகண்டு பொருள்களை நிரல்படக் கூறுமேயன்றி, அவை எவ்வாறு ஒரு சொல்லில் வந்து கூடின என்று கூறாது. ‘சேனை’ என்னும் உருவில் உண்மையில் ஒரு சொல் அன்று, ஒலியால் ஒன்றுபட்ட பல சொற்கள் அடங்கியுள்ளன. அவற்றுள் ஒன்று வடசொல், ஒன்று இயற்சொல், ஒன்று திசைச்சொல். அவற்றை இம்முறையிலேயே நோக்குவோம்.

முதலாவது, படை என்னும் பொருள். இது சமக்கிருதத்தில் ‘சேனா’ என வழங்கிய சொல். மிகப் பழைய வேத மொழியில் எறிபடையாகிய ஈட்டியையும் இச்சொல் குறித்தது. பின்னர்ப் படைத்திரளுக்கே பெயராய் நிலைத்தது. தமிழிற் சேனாபதி, சேனைத் தலைவர் முதலிய தொடர்கள் இதன்வழி வந்தன. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரைகண்டவர் சேனாவரையர். சொற்களை வகைசெய்யும் அதிகாரத்துக்கு உரை எழுதிய பெருமகனாரின் பெயரிலேயே நாம் ஆராயும் சொல் அமைந்திருத்தல் சுவைக்கத்தக்கது. ஆறுமுக நாவலரின் ஆசிரியர்களுள் ஒருவர் இருபாலைச் சேனாதிராச முதலியார். கிறித்தவ வேதாகமத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் இறைவன் சேனைகளின் கர்த்தர் எனப்படுகிறார். சிங்கள மக்களிடத்தும் இப்பெயர் தொன்மையானது. அனுராதபுரத்தை 22 ஆண்டுகள் ஆண்டனர் என மகாவம்சம் கூறும் தமிழர் இருவருள் ஒருவன் பெயர் சேனன். ஒன்பதாம் நூற்றாண்டிற் பாண்டியரின் படையெடுப்பைச் சந்தித்த சிங்கள மன்னன் பெயரும் சேனன். நாட்டின் முதற் பிரதமராகிய டி. எஸ். சேனாநாயக்காவின் குடிப்பெயர் படைத்தலைவன் எனப் பொருள்படும். எனவே தமிழர்க்கும் சிங்களவர்க்கும் இப்பொருள் பொதுவாயிற்று.

இச்சொல்லின் உறவினர் மேற்கேயும் உளர். பழைய பாரசீகத்தில் இது ‘ஹைனா’ என்றும், அவெத்தா மொழியில் ‘ஹஏனா’ என்றும் வழங்கிற்று. சமக்கிருதத்துச் சகரம் இவ்வீரானிய மொழிகளில் ஹகரமாதல் ஒழுங்கான விதி. ஏழினைக் குறிக்கும் ‘சப்த’ அங்கே ‘ஹப்த’ ஆகும். சிந்து நதியின் பெயர் ‘ஹிந்து’ ஆனதும் இவ்விதியாலேயே. ஹகரத்தை விட்டு நாம் ‘இந்து’ என்கின்றோம். நம் கல்லூரிகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் விளங்கும் சொல்லும் இவ்வொலி மாற்றத்தின் பிள்ளையே என்பதை மாணவர் மனங்கொள்க. கி.மு. 522 முதல் 486 வரை ஆண்ட தாரயவௌசு என்னும் பாரசீகப் பேரரசன் பெர்சிபோலிசில் ஒரு கல்வெட்டுப் பொறித்தான். அதிலே தன் நாட்டை மூன்று தீங்குகளினின்று காக்குமாறு அகுரமசுதா என்னுங் கடவுளை வேண்டுகின்றான். அவை பகைவர் சேனை, பஞ்சம், பொய் என்பன. அங்கே சேனையைக் குறிக்க நிற்கும் சொல் ‘ஹைனா’. இவ்வேண்டுதலை நினைவில் வைத்துக்கொள்ளுதல் நலம். இக்கட்டுரையின் இறுதியில் அது நமக்குப் பயன்படும்.

இரண்டாவது, கிழங்கின் பெயர். சேனைக்கிழங்கை அறியாத தமிழர் இலர். மலையாளத்தில் இதற்குச் ‘சேன’ என்பது பெயர். அங்கே முதலெழுத்து ‘பச்சை’ என்பதிலுள்ள சகரம்போல வல்லொலியாகவே நிற்கும். படைக்கும் இக்கிழங்குக்கும் யாதொரு தொடர்புமில்லை. பாண்டிநாட்டு ஊர்களில் பிறந்த குழந்தையின் நாவில் முதன்முதலாகத் தேனோ சர்க்கரை நீரோ தொட்டு வைப்பதனைச் ‘சேனை வைத்தல்’ என்பர். நற்குணமுடைய முதியோரைக் கொண்டே அதனைச் செய்விப்பர். சேனை தொட்டவரின் குணம் குழந்தைக்கு வாய்க்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. இங்கேயும் படையின் ஆரவாரம் இல்லை. பாட்டியின் விரலே உண்டு.

கடல்கடந்து சென்றால் வேறொரு விந்தை காணலாம். இத்தாலிய மொழியில் இரவு உணவின் பெயர் ‘சேனா’. ஆங்கும் முதலெழுத்து வல்லொலியே. லியொனார்தோ தா வின்சி மிலான் நகரிற் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் தீட்டிய இறுதி இராவுணவு ஓவியத்தை இத்தாலியர் இச்சொல்லாலேயே குறிப்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கொழும்பிலே சமயப்பணி புரிந்த துறவியருள் இத்தாலியரும் இருந்தனர். புனித லூசியாள் பேராலயம் அமைந்த ஊரின் பெயரை முதன்முறை கேட்டபோது அவர்களுள் ஒருவருக்கேனும் இராப்போசனம் நினைவுக்கு வந்திருக்கக்கூடும்.

இவ்வொப்புமைகளைக் கண்டு, உலகமொழிகள் யாவும் ஒன்றிலிருந்தே பிறந்தன எனக் கூத்தாடுதல் அறிவுடைமையாகாது. நம்மவருட் சிலர்க்கு அப்பழக்கம் உண்டு. வேற்றுமொழியில் தமிழ்போல் ஒலிக்கும் சொல்லொன்றைக் கண்டால் உடனே அது தமிழின் பிள்ளை என முடிவுகட்டி விடுவர். மொழிநூல் அத்துணை எளிதன்று. 1786ஆம் ஆண்டிற் கல்கத்தாவிற் சேர் வில்லியம் யோன்சு சமக்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றின் உறவை எடுத்துரைத்த பின்னரும், 1856ஆம் ஆண்டிற் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட பின்னரும் ஓர் உண்மை தெளிவாயிற்று. இரு சொற்கள் ஒத்தொலிப்பதற்குக் காரணம் மூன்றிலொன்றாதல் வேண்டும். ஒரு தாயின் மக்களாயிருத்தல் ஒன்று. ‘சேனா’, ‘ஹைனா’ என்பன அத்தகையன. ஒருவரிடமிருந்து மற்றவர் கடன்கோடல் மற்றொன்று. தமிழிலுள்ள ‘சேனை’யாகிய படை அத்தகையது. தற்செயல் என்பது மூன்றாவது. இத்தாலியரின் உணவும் மலையாளியரின் கிழங்கும் அத்தகையன. உறவென்று துணிவதற்கு ஓரொலி ஒத்தல் போதாது. அவ்வொலி மாறும் ஒழுங்கு வேறு பல சொற்களிலும் காணப்படல் வேண்டும்.

இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு மீள்வோம். இப்பெயரின் முற்பகுதியை விடுத்துப் பிற்பகுதியை மட்டும் நோக்குவோம். தமிழர் கொட்டாஞ்சேனை என்னும் ஊரைச் சிங்களவர் ‘கொட்டஹேன’ என்பர். எனவே நம் ‘சேனை’க்கு நேராக நிற்பது அவர்தம் ‘ஹேன’. இச்சகர ஹகர மாற்றம் இவ்வொரு பெயரில் மட்டும் நிகழ்ந்ததா? அன்று. கொட்டாஞ்சேனைக்கு அண்மையில், பொற்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவுக்குச் சென்று பார்க்க. அத்தெருவின் சிங்களப் பெயர் ‘ஹெட்டி வீதிய’. செட்டி ‘ஹெட்டி’யானதுபோலவே சேனை ‘ஹேன’யாயிற்று. சூரியன் சிங்களத்தில் ‘ஹிரு’. சந்திரனுக்குச் ‘சந்த’ என்றும் ‘ஹந்த’ என்றும் இரு வடிவங்கள் இன்றும் உள. சிலாபத்தைச் சிங்களவர் ‘ஹலாவத்த’ என்பர். ஆகவே இம்மாற்றம் சிங்கள மொழியின் ஒழுங்கான விதிகளுள் ஒன்று என்பது பெறப்படும். தமிழ் வழக்கு சகரத்தைப் பேணி நிற்கிறது. இலங்கையின் ஆங்கில வழக்கும் ‘சேனா’ என்றே கூறுகின்றது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். ஈரானியரின் ‘ஹஏனா’வும் சிங்களவரின் ‘ஹேன’வும் ஏறக்குறைய ஒரே ஒலியின. இரண்டும் சகரம் ஹகரமாகியதனாற் பிறந்தவை. ஆயினும் முன்னது படை; பின்னது காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் புன்செய் நிலம். ஒரே ஒலிமாற்றம் இருவேறு நாடுகளில் இருவேறு காலங்களில் நிகழ்ந்து, தொடர்பில்லாத இரு சொற்களை ஓரொலியில் நிறுத்திவிட்டது. அது மட்டுமன்று. ‘ஹேன’ என்பதிலுள்ள நெடிலைக் குறிலாக்கி ‘ஹெண’ என்று கூறினால், சிங்களத்தில் அது இடியேறு எனப் பொருள்படும்.

கொட்டாஞ்சேனையின் சேனை, ஆகவே, படைவீடு அன்று, பயிர்நிலம். உலர்வலயத்துக் குடியானவன் கோடைக்காலத்தில் ஒரு துண்டுக் காட்டை வெட்டிச் சாய்ப்பான். அது காய்ந்தபின் தீயிடுவான். வடகீழ்ப் பருவமழைக்கு முன் சாம்பல் படிந்த மண்ணில் விதைப்பான். குரக்கன், சோளம், எள், கடுகு, பயறு, பூசணி என்பன அங்கு விளையும். இரண்டு மூன்று போகங்களுக்குப் பின் மண் வளங்குன்றும். அப்போது அந்நிலத்தைக் காட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வேறிடஞ் செல்வான். பல ஆண்டுகள் கழித்து மரங்கள் மீண்டும் வளர்ந்தபின் முன்னைய நிலத்துக்கு வருவான். மழை பொய்த்துக் குளம் வற்றி நெல் விளையாத ஆண்டில் வயிற்றைக் காப்பது இச்சேனையின் குரக்கனே. யானையும் பன்றியும் அழிக்காவண்ணம் பரண்கட்டி இரவெல்லாம் காவலிருத்தல் வேண்டும். அப்பரணிலிருந்து சிங்களக் குடியானவர் உறக்கம் வராதிருக்கப் பாடும் பாடல்களைப் ‘பெல் கவி’ என்பர்.

பரணும் பாட்டும் தமிழர்க்கும் உரியன. கிழக்கு மாகாணத்தில், கடதாசி ஆலையாற் பெயர்பெற்ற வாழைச்சேனையும், தெற்கே அட்டாளைச்சேனையும் தமிழ் பேசும் மக்களின் ஊர்கள். அட்டாளை என்பது பயிர்காக்கும் பரண். இதனை அறியாதான் ஒருவன் அட்டாளையைக் கோட்டையின் காவற்கோபுரமாகவும் சேனையைப் படையாகவும் கொண்டு, அங்கே ஒரு போர்க்களத்தையே கற்பித்துவிடலாம். உண்மையில் அவ்வூர்ப்பெயரில் இருப்பவன் போர்வீரன் அல்லன். குரக்கனுக்குக் காவலிருந்த உழவனே. பண்டைத் தமிழிலக்கியம் பாடும் குறிஞ்சி நிலத்தின் தினைப்புனமும் இத்தகைய நிலமே. புதிதாகத் திருத்திய கொல்லையை ‘இதை’ என்றும், பழங்கொல்லையை ‘முதை’ என்றும் பழந்தமிழர் வேறு பிரித்துப் பெயரிட்டனர். வள்ளியம்மை பரணில் நின்று கிளிகடிந்த தினைப்புனம் கதிர்காமத்தை அடுத்தது என்பது ஈழத்து மரபு; அக்கதிர்காமத்தைச் சூழ்ந்த நாட்டிற் சேனைப் பயிர்ச்செய்கை இன்றும் நடைபெறுகின்றது. எனவே இச்சொல் எவ்வினத்தாரிடமிருந்து எவ்வினத்தாருக்குச் சென்றது என்று வழக்காடுவதினும், இருவரும் ஒரே தொழிலை ஒரே பெயராற் குறித்து வாழ்ந்தனர் என உணர்வதே பயனுடைத்து. ஊர்ப்பெயரொன்றைக் காட்டி இது எம் நிலம், நும் நிலமன்று எனப் பூசலிடுவார்க்கு இச்சொல் சான்றாய் வாராது.

இனி, இச்சொல்லின் துயர வரலாற்றைக் கூறுவாம். 1815ஆம் ஆண்டிற் கண்டியரசு பிரித்தானியர் வசமாயிற்று. பின்னர் மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பெருகின. நிலத்துக்குப் போட்டி எழுந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. காடும் தரிசும் பயிரிடப்படாதனவுமாகிய நிலங்கள் யாவும், மறுதலை காட்டப்படும்வரை, முடிக்குரியனவாகக் கொள்ளப்படும் என்றது அச்சட்டம். சேனையைப் பெயர்சுட்டியும் விதிசெய்தது. பல ஆண்டு இடைவெளி விட்டு மட்டுமே பயிரிடத்தக்க சேனை நிலங்கள் கண்டி மாகாணங்களில் முடிக்கே உரியன. அரசர் வழங்கிய சன்னசுப் பட்டயம் முதலிய சான்றுகளைக் காட்டினாலன்றி அவை தனியாருடையன ஆகா. ஒல்லாந்தர் காலத் தோம்பு என்னும் நிலப்பதிவு கரையோர மாகாணங்களில் இருந்தது. கண்டி நாட்டில் இல்லை. வயலையொட்டிய சேனையும் வயலுக்குரியானுக்கே உரியது என்ற வழக்கே அந்நாட்டு உழவனின் பட்டயம். வழக்கு நினைவில் வாழ்வது. நீதிமன்றமோ ஏட்டைக் கேட்டது. 1897ஆம் ஆண்டின் தரிசுநிலச் சட்டம் இப்பிடியை மேலும் இறுக்கிற்று.

இங்கே நிகழ்ந்தது ஒரு மொழிபெயர்ப்புப் பிழையே என்று கூறலாம். உழவன் மொழியிற் சேனை என்பது இவ்வாண்டு உறங்கி வேறோராண்டு எழும் விளைநிலம். ஆட்சியாளர் மொழியில் அதே சொல் யாருக்கும் உரியதல்லாத தரிசு என்றாயிற்று. நிலத்துக்கு இளைப்பாறுதல் வேண்டும் என உழவன் விட்டுவைத்த ஆண்டுகளே அவன் உரிமைக்கு எதிரான சான்றாயின. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்ப் 1913ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவல் இவ்வாழ்வையே பொருளாகக் கொண்டது. சேனை செய்வதற்கு அனுமதிச்சீட்டுப் பெறும்பொருட்டு ஊர்த்தலைவனின் தயவை நாடிநிற்கும் ஏழைகளை அதிலே காணலாம். காட்டுக்கு உரியவனாயிருந்தவன் சீட்டுக்குக் கையேந்துபவனானான்.

இவ்வாறு முடிக்குரியதாகிய மலைநாட்டு நிலத்திற் பெரும்பகுதி தோட்டக்காரர்க்கு விற்கப்பட்டது. அங்கே கோப்பியையும், 1869இற் கண்டறியப்பட்ட இலைநோயாற் கோப்பி அழிந்தபின் தேயிலையையும் நட்டவர்கள் தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட நம் மக்கள். வரலாற்றின் கொடுமை இதுவே: நிலத்தை இழந்த சிங்கள உழவன் மேட்டைப் பார்த்து, அங்கே நின்ற தமிழ்த் தொழிலாளியைத் தன் நிலங்கவர்ந்தவனாக எண்ணினான், அத்தொழிலாளிக்கோ லயத்தில் ஓர் அறையன்றி ஒரு முழ நிலமும் உரிமையில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை விடிவு தாமதித்தது. உரிமை பறிபோனவனும் உரிமையே பெறாதவனும் ஒருவரையொருவர் பகைத்து நின்றனர். நிலத்தால் ஊதியம் பெற்றவரோ இருவர் கண்ணுக்கும் எட்டாத தொலைவில் இருந்தனர்.

வெள்ளவத்தையைப் பற்றியும் ஒரு சொல் கூறி முடிப்போம். சிங்களக் கிராமத்தின் நிலம் மூவகைப்படும். நெல்வயல் ‘கும்புற’; வீட்டையடுத்த மரத்தோட்டம் ‘வத்த’; காடெரித்துச் செய்வது ‘ஹேன’. ‘குருந்துவத்த’யை நாம் கறுவாத்தோட்டம் என மொழிபெயர்த்தோம், வெள்ளவத்தையை மொழிபெயர்க்காமலே நமதாக்கிக்கொண்டோம். ஆகவே கொழும்புத் தமிழரின் இருபெரும் உறைவிடங்களுள் ஒன்று தோட்டத்தின் பெயரையும் மற்றொன்று சேனையின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. கற்சுவர்களும் கடைகளும் நெருங்கி, ஒரு பிடி மண்ணும் காண்டற்கரிதாகிய இடங்களில், அழிந்துபோன உழவனின் அடிச்சுவடாக இவ்விரு சொற்களும் எஞ்சியுள்ளன.

பாரசீக மன்னனின் வேண்டுதலுக்கு மீள்வோம். பகைவர் சேனை, பஞ்சம், பொய் என்னும் மூன்றினின்றும் தன் நாட்டைக் காக்குமாறு அவன் இரந்தான். இலங்கையிலோ, சேனை என்பது பஞ்சத்தைத் தடுத்த நிலம். அதனை வீழ்த்தியது பகைவரின் படையுமன்று. விளைநிலத்தைத் தரிசு என்றெழுதிய ஒரு பொய்யே. சொல்லுக்குப் பொருள் காண்டல் புலவர்க்குப் பொழுதுபோக்காக இருக்கலாம். ஆனால் ஆட்சியாளர் பொருள் வகுக்கும்போது அது ஒருவனின் அடுப்பை எரிப்பதும் அணைப்பதும் ஆகும். சொற்பொருள் கற்கும் மாணவர் இதனை மறவாதிருப்பாராக. அடுத்த முறை கொட்டாஞ்சேனை என்று சொல்லும்போது, அணிவகுத்த படையை அன்று, பரணில் விழித்திருந்த உழவனை அவர்கள் நினைவுகூர்வராயின், இக்கட்டுரை எழுதியதன் பயன் நிறைவெய்தும்.